வடுவகிர்க்கண்ணியை யார் கூப்பிடுவது?

சென்ற இதழில் வந்த நண்பரின் கட்டுரையை, அச்சில் வருவதற்கு முன்பே, நம் கூட்டத்தில் அவர் வாயால் படிக்கக் கேட்டவர்களில் நானும் ஒருவன். பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். இரண்டு பேர் தூங்கினார்கள். மற்றவர்கள் தலையாட்டினோம். நானும் தலையாட்டினேன் என்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. தூங்கியிருந்தால் எழுத அவசியம் இருந்திருக்காது.

அவர் வாதத்தைச் சுருக்கினால் இவ்வளவுதான். தமிழ்ப் பெண் பெயர்கள் பொருளை இழந்துவிட்டன. இன்று வைக்கப்படும் பெயர்கள் வெறும் சப்தங்கள். எண்கணித ஜோசியர் சொன்னபடி ஓர் எழுத்தைக் கூட்டியும் குறைத்தும் செய்த உளறல்கள். பொருளுள்ள பெயர்களைக் கருவறை இருட்டிலேயே விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டோம். இது ஒரு கலாச்சாரத்தின் மரணம். இதற்கு அவர் காட்டிய பிரதான சாட்சி எங்கள் ஊர் அம்மன்.

திருவாண்டார்கோயில் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் இருக்கிறது. தொழிற்பேட்டைக்குப் போகும் லாரிகளின் சப்தத்தைத் தாண்டி உள்ளே போனால் சோழர் காலத்துக் கற்றளி, வாசலில் தொல்லியல் துறையின் பலகை. ஊருக்குப் பழைய பெயர் வடுகூர். சம்பந்தர் பாடிய நடுநாட்டுத் தலங்களில் ஒன்று. வடுக பைரவர் வழிபட்டதால் வடுகூர் என்கிறது தலபுராணம். சுவாமிக்கு வடுகீஸ்வரர் என்றும் பஞ்சநதீஸ்வரர் என்றும் பெயர். அம்மன் திரிபுரசுந்தரி. அவளுக்கே வடுவகிர்க்கண்ணி என்றும் பெயர் உண்டு. நண்பரை மயக்கிய பெயர் இந்த இரண்டாவது.

மயங்க வேண்டிய பெயர்தான். வடு என்பது மாவடு. வகிர்தல் என்றால் கீறிப் பிளத்தல். வகிர் என்பது பிளந்த துண்டு. மாசி, பங்குனியில் ஊறுகாய்க்கு வந்து குவியும் வடுவில் ஒன்றை எடுத்து அரிவாள்மணையில் நீளவாக்கில் நறுக்கிப் பாருங்கள். ஓரத்தில் பச்சைத் தோலின் கோடு, உள்ளே வெளிறிய சதை, நடுவில் ஓடு கட்டாத பிஞ்சு விதை. வடிவம், ஈரம், வெள்ளை, விழி எல்லாம் இருக்கிறது. மாணிக்கவாசகரும் இந்த உவமையை எடுத்தாண்டிருக்கிறார். மானையும் மீனையும் தாமரையையும் கேட்டுச் சலித்த காதுக்கு, சமையல்கட்டிலிருந்து எழுந்து வந்த இந்த உவமை புதிதாகவே இருக்கிறது. இதில் நண்பருக்கும் எனக்கும் அபிப்பிராய பேதம் இல்லை.

அபிப்பிராய பேதம் அடுத்த அடியில் தொடங்குகிறது. இவ்வளவு அழகான பொருள் இருந்தும் இந்தப் பெயர் ஏன் எந்தப் பெண்ணுக்கும் இல்லை? பதினோரு வருஷமாக வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து பெயர்களையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பாஸ்புக்கில், சலானில், நகைக்கடன் படிவத்தில், கைநாட்டுக்குப் பக்கத்தில். திரிபுரசுந்தரிகளைப் பார்த்திருக்கிறேன். வில்லியனூர் கோகிலாம்பாள் புண்ணியத்தில் கோகிலாக்களுக்குக் குறைவே இல்லை. ஆனால் கோகிலாம்பாளின் தமிழ்ப் பெயரான குயிலம்மையையும் சரி, வடுவகிர்க்கண்ணியையும் சரி, ஒரு படிவத்தில்கூட நான் கண்டதில்லை.

சமஸ்கிருதம் தின்றுவிட்டது என்பது நண்பரின் பதில். பட்டியலும் போடுகிறார். உண்ணாமுலை அபீதகுசாம்பாள் ஆனாள், கருந்தடங்கண்ணி நீலாயதாட்சி ஆனாள், மட்டுவார்குழலி சுகந்த குந்தளாம்பாள் ஆனாள், பெரியநாயகி பிரகன்நாயகி ஆனாள். வாஸ்தவம். அர்ச்சனைச் சீட்டிலும் அறிவிப்புப் பலகையிலும் எந்தப் பெயர் முதலில் வருகிறது என்பதில் ஓர் அதிகாரம் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த வாதம் ஒரே ஒரு உதாரணத்தில் உடைந்துவிடுகிறது, அதுவும் மதுரையில். மீனாட்சி, அங்கயற்கண்ணி, கயல்விழி. மூன்றுக்கும் பொருள் ஏறக்குறைய ஒன்றுதான்: மீன் போன்ற கண்ணை உடையவள். சமஸ்கிருதம்தான் கொலையாளி என்றால் அங்கயற்கண்ணியும் கயல்விழியும் சேர்ந்தல்லவா செத்திருக்க வேண்டும்? கயல்விழி பிழைத்தாள். மேடைத்தமிழும் தொடர்கதையும் அவளைத் தூக்கிக்கொண்டு போயின. அகிலன் ஒரு நாவலுக்கே அந்தப் பெயரை வைத்தார். பொருள் ஒன்றாக இருந்தும் மூன்று பெயர்களும் மூன்று வேறு வீட்டுப் பெண்கள். ஒருத்தி எல்லார் வீட்டிலும் இருக்கிறாள். ஒருத்தியின் அப்பா கட்சிக் கூட்டத்துக்குப் போனவர். ஒருத்தி அநேகமாகக் கோயிலிலேயே இருக்கிறாள். அகராதியைப் புரட்டினால் இந்த வித்தியாசம் கிடைக்காது.

வானதியும் பூங்குழலியும் 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்த ஒரு தொடர்கதையிலிருந்து இறங்கி வீடுகளுக்குள் போனவர்கள். அந்தப் பெயர்களின் பொருளை ஆராய்ந்துவிட்டா வைத்தார்கள்? வாராவாரம் அந்தப் பெண்களோடு வாழ்ந்துவிட்டு வைத்தார்கள். 1916 வாக்கில் வேதாசலம் மறைமலை ஆனார். அவருடைய மகள் தனித்தமிழுக்காக எழுதினார், வடசொற்களுக்குத் தமிழ்ச்சொல் தரும் அகரவரிசையே தொகுத்தார். அந்த அம்மையாரை நாம் இன்றும் நீலாம்பிகை என்றுதான் சொல்கிறோம். கேலிக்காக இதைச் சொல்லவில்லை. பழகிய வாய் ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டால் இயக்கத்தாலும் அதை எளிதில் பிடுங்க முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

கல்லில் வெட்டினால் நிற்குமா? தஞ்சைப் பெரிய கோயிலில், ராஜராஜன் காலத்தில், தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரின் பெயரை, எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பது வரை கல்லில் வெட்டி வைத்தார்கள். அதில் ஒரு பெயர் எடுத்தபாதம். ஆடவல்லானின் தூக்கிய திருவடி. ஆடுகிற பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை நம்மில் எந்தக் கவிஞனும் யோசித்திருக்க மாட்டான். ஆயிரம் வருஷமாகக் கல் அப்படியே இருக்கிறது, எழுத்தும் இருக்கிறது. எடுத்தபாதம் என்று யார் வீட்டு வாசலிலும் இன்று யாரும் கூப்பிடுவதில்லை.

அப்படியானால் எது நிற்கிறது? இந்தப் பக்கத்துக் கிராமங்களின் பழைய பெயர்களைப் பாருங்கள். மாரியம்மாள், அங்காளம்மாள், பச்சையம்மாள், எல்லம்மாள், திரௌபதி, பாஞ்சாலி. இந்த அம்மன்கள் தெருவுக்கு வந்தவர்கள். கூழ் குடித்தவர்கள், தீ மிதிக்க வைத்தவர்கள், பத்து நாள் கூத்தில் விடிய விடியக் கூந்தலை விரித்து அழுதவர்கள். வடுவகிர்க்கண்ணி கருவறையில் இருந்தாள். இந்த ஊரில் எல்லாச் சாதிக்காரர்களும் அவள் முன்னால் போய் நின்று எத்தனை காலமாகிறது என்று நண்பர் கேட்டுக்கொண்டாரா? சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1947ல். அப்போது இந்த ஊர் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது. 1954 நவம்பர் வரை அந்தச் சட்டம் எல்லைக்கு அந்தப் பக்கத்துச் செய்தி. தன்னை உள்ளே விடாத இடத்தில் ஒலித்த பெயரை ஒருவன் தன் பெண்ணுக்கு எதற்காக வைப்பான்? ‘மறந்துவிட்டார்கள்’ என்று எழுதுகிறார் நண்பர். கேட்கவே விடாததை எப்படி மறப்பது?

ஆனால் என்னுடைய பெரிய சண்டை இதுவல்ல. பொருள்தான் பெயரின் உயிர் என்று அவர் சொல்வதோடுதான் என் சண்டை. அந்த அளவுகோலை அவர் கையிலிருந்து வாங்கி, அவர் பட்டியலில் சேர்க்காத பெயர்களை அளந்து பார்க்கிறேன்.

போதும்பொண்ணு. வேண்டாம். இரண்டும் சுத்தமான தமிழ். சமஸ்கிருதக் கலப்பு ஒரு துளிகூட இல்லை. ஜோசியர் கை வைக்கவில்லை. பொருள் சிதையவே இல்லை. ஐந்து வயதுக் குழந்தைக்கும் புரியும். வரிசையாகப் பெண்ணாகப் பிறந்தால் மூன்றாவதற்கோ நான்காவதற்கோ இப்படிப் பெயர் வைத்தால் அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்று நம்பிக்கை. திருத்தணிக்குப் பக்கத்தில் நாராயணபுரத்தில் வேண்டாம் என்ற பெயரோடு பல பெண்கள் இருப்பதைப் பற்றி 2019ல் பத்திரிகைகள் எழுதின. மகாராஷ்டிரத்தில் இதே பெயர் நகுசா, நகுஷி. சதாரா மாவட்டத்தில் 2011 அக்டோபரில் ஒரே நாளில், ஒரே மேடையில், 285 பெண்களுக்கு அந்தப் பெயரை நீக்கிப் புதுப் பெயர் கொடுத்தார்கள்.

பொருள்தான் உயிர் என்றால், நண்பரே, இவைதான் தமிழின் உயிருள்ள பெயர்கள். இவற்றைக் காப்பாற்றவும் கட்டுரை எழுதுவீர்களா?

ஒரு குறுக்குக் கேள்வி வரலாம். குப்பம்மாள், பிச்சை, மண்ணாங்கட்டி என்றெல்லாமும்தானே பெயர் வைத்தார்கள், எல்லாம் ஒரே அறியாமைதானே என்று. இல்லை. பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்துச் சாகிற வீட்டில், பிழைத்த குழந்தையைக் குப்பையில் புரட்டி எடுத்துக் குப்பம்மாள் என்று பெயர் வைப்பார்கள். அது எமனிடம் சொல்கிற பொய். ‘இது குப்பை, உனக்கு வேண்டாம்’ என்று அவனை ஏமாற்றி, உயிருக்குயிரான குழந்தையை ஒளித்து வைப்பது. போதும்பொண்ணு என்பது சாமியிடம் சொல்கிற உண்மை. இது எங்களுக்கு வேண்டாம், வேறு கொடு. அகராதியில் இரண்டும் அவச்சொல்தான். ஒன்று அணைத்துக்கொள்கிறது, ஒன்று தள்ளுகிறது. சொல்லின் பொருளும் பெயரின் பொருளும் வேறு வேறு என்பதற்கு இதைவிட ஸ்தூலமான சாட்சியை எந்த மொழியியல் புத்தகத்திலும் தேட வேண்டியதில்லை.

எங்கள் புதுச்சேரியிலேயே இன்னொரு சாட்சி உண்டு. 1881ல் வந்த ஆணைப்படி, தங்கள் சாதி வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் ஒரு குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். முன்னால் நின்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பி எடுத்துக்கொண்ட பெயர் லாபோர்த். பிரெஞ்சு அகராதியில் அதற்குப் பொருள் கதவு. அவரைக் கதவு என்றா யாரும் புரிந்துகொண்டார்கள்? வெள்ளைக்காரனுக்கு எந்தச் சட்டமோ எனக்கும் அந்தச் சட்டம் என்று அவர் சொன்னதுதான் அந்தப் பெயர். யார், எதற்காக, யாருக்கு எதிராக வைத்தார்கள் என்பதில்தான் பெயரின் பொருள் இருக்கிறது.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். முன்பு நான் வேலை பார்த்த ஒரு கிளையில், மகளிர் சுயஉதவிக் குழுக் கணக்குக்காகச் சில பெண்கள் வந்தார்கள். வரிசையில் ஒருத்திக்கு இருபத்தைந்து வயது இருக்கும். தலை நிமிராமல் “பேரு?” என்றேன். “வேண்டாம்” என்றாள். “என்ன வேண்டாம்? கணக்கு வேண்டாமா?” “இல்ல சார், பேரே அதான்.” பக்கத்துக் கவுண்டரில் சிரித்தார்கள். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பி.ஏ. இங்கிலீஷ் படித்தவன், பெயரில் என்ன இருக்கிறது என்று ஷேக்ஸ்பியரின் ஜூலியட் கேட்ட கேள்வியைப் பரீட்சையில் நாலு பக்கம் விளக்கியவன், விமர்சனம் எழுதுகிறவன், வாய்விட்டுச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அது பழகின சிரிப்பு. பள்ளிக்கூடத்தில், ரேஷன் கடையில், ஆஸ்பத்திரியில் எத்தனை தடவை அதைச் சிரித்திருப்பாள் என்பது வீட்டுக்குப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

பேரை மாற்ற என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள். குமாஸ்தாவாகவே பதில் சொன்னேன். உறுதிமொழிப் பத்திரம், அரசிதழில் அறிவிப்பு, பிறகு ஆதார், அதற்குப் பிறகு இங்கே. எத்தனை நாள் கூலி போகும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டாள் என்பது முகத்தில் தெரிந்தது. “வேணாம் சார், பழகிப்போச்சு. வீட்டுல கண்ணுன்னுதான் கூப்புடுவாங்க” என்றாள். ‘வேணாம்’ என்று அவள் சொன்னபோது இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

நண்பர் ‘அர்த்தமில்லாத சப்தங்கள்’ என்று ஏளனம் செய்கிற பெயர்களை அன்றிலிருந்து நான் வேறு மாதிரி பார்க்கிறேன். சதாராவில் புதுப் பெயர் எடுத்த பெண்களில் சிலர் சினிமா நடிகையின் பெயரைத் தேர்ந்தெடுத்ததாகச் செய்தி வந்தது. நம் வட்டத்தில் இதைச் சொன்னால் உதடு சுழிப்போம். பிறந்த நாளிலிருந்து ஒரே ஒரு பொருளைச் சுமந்தவளுக்கு, பொருளே இல்லாத, கேட்க இனிமையான ஒரு சப்தம் எவ்வளவு பெரிய விடுதலை என்பது நமக்குத் தெரியாது. பாட்டி போதும்பொண்ணு, பேத்திக்கு அகராதியில் இல்லாத ஒரு பெயர் என்றால், அது கலாச்சாரத்தின் மரணம் அல்ல. அந்தக் குடும்பத்தில் ஒரு பெண் குழந்தைக்குப் பெயர் யோசிக்க யாரோ முதன்முறையாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஜோசியரிடம் காசு கொடுத்து ஓர் எழுத்தைக் கூட்டுகிற அப்பன் முட்டாளாக இருக்கலாம். பெண்ணுக்காகக் காசு செலவழிக்கிற முட்டாள்.

இது பெயரோடு நின்றுவிடுகிற பிரச்னையும் அல்ல. நம் கவிதைகளுக்கும் இதே வியாதி உண்டு. பழைய நூலிலிருந்து ஒரு கருந்தடங்கண்ணியைப் பிடுங்கி வரியின் நடுவில் நட்டுவிட்டால் கவிதைக்கு வேர் வந்துவிடும் என்று நம்புகிறோம். சொல்லின் பழமையைச் சொல்லின் அனுபவம் என்று எண்ணி ஏமாறுகிறோம். நம் உரைநடையின் பெரிய ஆட்கள் அப்படிச் செய்யவில்லை. பொன்னகரத்தில் புதுமைப்பித்தன் அந்தப் பெண்ணுக்கு வைத்த பெயர் அம்மாளு. அதில் என்ன பொருள் இருக்கிறது? அந்தப் பெயரைக் கேட்டால் இன்றும் நமக்குக் குற்றவுணர்வு வருகிறது. அம்மா வந்தாளில் ஜானகிராமனின் அலங்காரம் கடைத்தெருச் சொல்தான். அந்த நாவலைப் படித்தவனுக்கு அது இனி சாதாரணச் சொல்லாக இருக்க முடியாது. பெயருக்குள் பொருளை அவர்கள் தேடிப் போகவில்லை. ஒரு வாழ்க்கையை உள்ளே வைத்தார்கள்.

ஒப்புக்கொள்ள வேண்டிய ஒன்று பாக்கி இருக்கிறது. நாலு வருஷத்துக்கு முன் எனக்குப் பெண் பிறந்தபோது வடுவகிர்க்கண்ணி என்று பெயர் வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவன் நான். நண்பரின் கட்டுரையில் இருக்கிற ஒவ்வொரு வாக்கியத்தையும் அன்று வீட்டில் பேசிவிட்டேன்; அவர் எழுதினார், நான் எழுதவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அம்மா முழுதாகக் கேட்டுவிட்டு, “வடுன்னா தழும்பு இல்லடா?” என்றாள். அதுவும் சரிதான், அந்தச் சொல்லுக்கு அந்தப் பொருளும் உண்டு. மாவடு என்று நான் விளக்க ஆரம்பித்தேன். “நீ ஒவ்வொருத்தனுக்கா போயி சொல்லினு இருப்பியா? பள்ளிக்கூடத்துல அது இல்ல கேட்டுக்கணும்?” என்றாள். மனைவி கேட்டது இன்னும் சுருக்கம்: “தெருமுனையில வெளையாடறவள எப்படிங்க கூப்புடுவீங்க? கூப்புட்டுக் காட்டுங்க.” கூப்பிட்டுப் பார்த்தேன். பாதியில் எனக்கே வெட்கமாக இருந்தது. அந்தப் பெயரை அதுவரை நான் படித்திருந்தேனே ஒழிய ஒரு தடவைகூட யாரையும் கூப்பிட்டதில்லை.

பெண்ணுக்கு வேறு பெயர் வைத்தோம். அது என்ன என்பது இந்தச் சர்ச்சைக்கு வேண்டாத விஷயம்.

நண்பருக்கு ஒரு யோசனை. அவருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஆகி, பெண் பிறந்து, அவளுக்கு வடுவகிர்க்கண்ணி என்று பெயர் வைத்து, பிறப்புச் சான்றிதழில் எழுத்துப் பிழையில்லாமல் வாங்கி, சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் வாசலில் நின்று அவளை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடட்டும். அவள் ஓடி வந்தால் நான் எழுதியதெல்லாம் தப்பு என்று இதே பத்திரிகையில் எழுதித் தருகிறேன். அதுவரை, கூப்பிடாத பெயர்களுக்காக அழுவதை நிறுத்திவிட்டு, கூப்பிட்ட பெயர்களுக்காகக் கொஞ்சம் வெட்கப்படலாம். நான் அந்தக் கவுண்டரில் சிரித்த சிரிப்பிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன்.